பிற்கால வாழ்வில் சிறு கலைத்தொழில்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்தபின் கைக்கலை ஒன்றை வருமானத் தொழிலாகத் தொடங்குவோர் தமிழகத்தின் நடுத்தர நகரங்களில் மூன்று வழிகளில் வருகிறார்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், அரசு அலுவலர்கள், வங்கி ஊழியர்கள் ஒரு வகை. பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியூர் போனபின் கையில் நேரம் வாய்த்த இல்லத்தரசிகள் இன்னொரு வகை. பழைய தொழில் நொடித்துப்போய் வேறு வழி தேடுவோர் மூன்றாம் வகை. ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் தூரிகையைக் கீழே வைத்த போர்டு ஓவியர்கள் இதில் முக்கியமானவர்கள். ராஜபாளையத்திலும், அதிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இந்த மூன்று வகையும் உண்டு. ஒன்று மில் ஊர், மற்றது கோயில் ஊர். வாங்குவோரின் தேவை இரண்டிலும் ஒன்றாக இல்லை என்பதால் இந்த வட்டாரத்தைச் சேர்த்துப் பார்ப்பது பயனுள்ளது.

தொடங்குபவரின் அடிப்படை வருமானம் என்ன என்பதுதான் முதல் வேறுபாடு. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் வந்த ஒருவர் 60 வயதில் தஞ்சாவூர் ஓவியம் பழகினால், முதல் இரண்டு ஆண்டு ஒரு படமும் விற்காவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும். மில் தொழிலாளியின் நிலை வேறு. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய நாள் முதல் இவ்வூரின் பல தலைமுறைகள் நூற்பாலை ஷிப்டுகளில் வாழ்ந்தவை. வருங்கால வைப்புநிதி சார்ந்த ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அந்தத் தொகையை நம்பி கற்றுக்கொள்ளும் காலத்தைக் கழிக்க முடியாது. ‘வயதானபின் பிடித்ததைச் செய்யலாம்’ என்ற பேச்சு முதல் வகையினருக்கே பொருந்துகிறது. மற்றவர்களுக்கு மூன்று மாதத்துக்குள் காசு வரும் வேலை வேண்டும்.

எது விற்கும் என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் கிடைக்கும் விடை தெளிவானது. சுவரில் மாட்ட ஒரு படம் வாங்கும் வழக்கம் இங்கே மிகக் குறைவு. கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கொலு, மார்கழி என்று ஒரு தேதிக்குத் தேவைப்படும் பொருளாக வரும்போது அதே கைவேலை தயக்கமில்லாமல் விற்கிறது. சீர்வரிசைத் தட்டு அலங்காரம், ஆரத்தித் தட்டு, ஆரி வேலை செய்த ரவிக்கை, ஏலக்காய் மாலை, பட்டு நூல் வளையல், வரவேற்புப் பலகை ஆகியவற்றின் விலையைப் பேரம் பேசுவார்கள்; ஆனால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். பழகுமுன் ‘எனக்கு என்ன வரும்’ என்று கேட்டுக்கொள்வதைவிட, ‘தெரிந்தவர்கள் எந்தத் தேதிக்கு எதைத் தேடி அலைகிறார்கள்’ என்று கேட்பது தொழிலுக்கு உதவும். வயது முதிர்ந்தவரின் உண்மையான முதலும் இதில்தான் இருக்கிறது. முப்பது ஆண்டு ஒரே தெருவில் வாழ்ந்தவருக்கு யார் வீட்டில் எப்போது விசேஷம், எந்தக் குடும்பத்தில் எந்த முறை, தட்டு ஒன்பதா பதினொன்றா, எந்த நிறம் ஆகாது என்பதெல்லாம் தெரியும். இருபத்தைந்து வயதுக்காரர் விளம்பரம் செய்து பெற வேண்டியது, இவருக்கு மளிகைக் கடை வாசலிலேயே கிடைத்துவிடுகிறது.

ஆண்டின் ஓட்டமும் சீரானதல்ல. தை முதல் பங்குனி வரையும், பிறகு வைகாசி, ஆவணி மாதங்களிலும் முகூர்த்த வேலைகள் குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ஆர்டர் அறவே நின்றுவிடும். புதிதாகத் தொடங்கியவர்கள் சோர்ந்து கைவிடுவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடி என்பது ஆடிப்பூரத் தேரோட்டத்தின் மாதம். கொலு பொம்மைகளுக்கு வண்ணம் பூசவும், பழைய பொம்மைகளைச் செப்பனிடவும் ஆடியில் உட்கார்ந்தால்தான் புரட்டாசி நவராத்திரிக்குத் தயாராக முடியும். மூக்கு உடைந்த பெருமாளையும் சாயம் போன செட்டியார் பொம்மையையும் தூக்கிப் போட மனமில்லாத வீடுகள் இந்த ஊர்களில் நிறைய. பழைய பொம்மைக்கு மறுவண்ணம் பூசும் வேலைக்கு அச்சுவார்க்கும் முதலீடு தேவையில்லை, சூளை தேவையில்லை, தூரிகை, வண்ணம், பொறுமை போதும். அறுபது வயதில் தொடங்குபவருக்கு இதைவிட ஏற்ற முதல் வேலை குறைவு. மார்கழியில் திருப்பாவை சார்ந்த சிறு ஆண்டாள் உருவங்களுக்கும், பங்குனி உத்திரத்தில் ஆண்டாள் திருக்கல்யாணத்தை ஒட்டி வரும் வெளியூர்க் கூட்டத்துக்கும் தனித் தேவை உண்டு.

கோயிலைச் சார்ந்த கலை எல்லாமே திறந்த சந்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டாளின் கையில் வைக்கும் கிளி நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுகிறது: மாதுளம்பூவால் மூக்கு, மரவள்ளி இலையால் உடல், வாழைநாரால் கட்டு. வழிவழியாக அதைச் செய்துவருவோரின் பணி அது. ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்கும் போவதும் இதே மரபின் பகுதி. புதிதாக வருபவர் அந்தக் கைங்கரியத்துக்குள் போட்டியிட நினைப்பது வீண், மரியாதையும் அல்ல. கிளியின் உருவத்தை மரத்திலோ துணியிலோ களிமண்ணிலோ வீட்டுக்கு எடுத்துப்போகும் பொருளாகச் செய்வதற்கு மட்டும் இடமுண்டு.

எடுத்துப்போகும் பொருள் என்பதற்கு இந்த ஊரிலேயே ஒரு பாடம் கிடைக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குற்றாலம் சீசனுக்கும் சபரிமலைக்கும் சதுரகிரிக்கும் போகிறவர்கள் வழியில் இறங்கி வாங்கும் பொருளாக அது ஆகியிருந்தது. பஸ்ஸிலோ வேனிலோ வரும் இந்த யாத்ரீகர் கையில் இரண்டடிக்கு ஒன்றரையடி கண்ணாடிச் சட்டத்தை யாரும் விற்க முடியாது. பால்கோவா வாங்கிய பையின் ஓரத்தில் அடங்குவதுதான் விற்கும்: உள்ளங்கை அளவு கிளி, கோபுரம் வரைந்த மரத்துண்டு, சாவிக்கொத்து, சிறு பூஜையறைப் படம். பதினொரு நிலை, 192 அடி உயர ராஜகோபுரம் தமிழக அரசு முத்திரையில் இருப்பதாகவே அறியப்படுகிறது. அதைக் கையால் வரைந்து சிறிதாக விற்கும் கடை கோயில் வீதிகளில் ஏன் இத்தனை குறைவு என்பது வியப்புக்குரியது. அச்சுப்படம் மலிவாகக் கிடைப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அச்சு இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து வந்த எதிரி அல்ல. சிவகாசி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்த ஊர். காலண்டரும் சாமி படமும் நாடு முழுவதற்கும் அங்கிருந்து போகின்றன. கையால் வரைந்த ஒரு லட்சுமி படத்துக்கு ஓவியர் சில ஆயிரம் கேட்கும்போது, வாங்குபவர் வீட்டில் அதே லட்சுமி காலண்டராகச் சும்மா தொங்குகிறாள். இந்தச் சிக்கலைத் தொழிலாகவே மாற்றிக் காட்டியவர் கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் சி. கொண்டையராஜு (1898–1976). சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். சில காலம் ரமணாசிரமத்தில் இருந்தவர். நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து பிழைத்தவர். குழு கலைந்தபின் 1940களில், நாற்பதைத் தாண்டிய வயதில், கோவில்பட்டியிலேயே தங்கி மாணவர்களோடு படக்கூடம் நடத்தினார். திரைச்சீலைக்கு ஆள் தேடிய காலம் முடிகிறது, சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் வேண்டும் என்ற நிலையில், அச்சுக்கென்றே வரைந்தார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்ற மாணவர்கள் அந்தப் பாணியைத் தொடர்ந்தார்கள். அவருடைய கைத்திறன் எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் மலிவான அச்சோடு மல்லுக்கட்டாமல், அச்சகத்தையே வாடிக்கையாளராக்கிய அவருடைய வழி இன்றும் திறந்திருக்கிறது: ஒரு மூலப்படம் வரைந்து, அதிலிருந்து அழைப்பிதழ், வாழ்த்து அட்டை, இனிப்புப் பெட்டி மேலட்டை, காலண்டர் என்று எடுக்க, அச்சகம் அரைமணிப் பயணத் தொலைவில் இருக்கிறது.

உடல் பற்றிய பேச்சு இந்தத் தலைப்பில் தவிர்க்க முடியாதது. நாற்பதுகளில் வெள்ளெழுத்து தொடங்கும். ஆரி வேலைக்குச் சட்டத்தின்மேல் மணிக்கணக்கில் குனிந்து, ஊசியின் கொக்கியில் ஜரிகையை இழுக்க வேண்டும். கழுத்தும் முதுகும் கண்ணும் ஒரே நேரத்தில் கெடும். ஐம்பதுக்கு மேல் ஆரி பழகுவோர் உயரமான ஸ்டாண்டும் பகல் வெளிச்சமும் அமைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காராமல் இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். முழு ரவிக்கையைவிடக் கைப்பகுதியும் கழுத்தோரமும் மட்டும் எடுப்பது நல்லது. தஞ்சாவூர் ஓவியம் இதைவிட இடம் கொடுக்கும் கலை. பலகையில் துணி ஒட்டுவது, சுண்ணாம்புப் பூச்சு, மேடுகட்டும் பசை வேலை, கல் பதிப்பது, தங்கத் தகடு ஒட்டுவது, கடைசியில் வண்ணம் என்று அது கட்டம் கட்டமாக நடப்பதால் இடையில் காய வைத்துவிட்டு ஓய்வெடுக்கலாம். கண்புரை வந்தவர் அறுவை செய்துகொண்டு திரும்ப வரவும் தடையில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையையே டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல், அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 58 வயதில், மூட்டுவாதத்தால் முடங்கிய விரல்களோடு, 11 படுக்கைகளுடன்தான் தொடங்கினார்.

பிற்காலத்தில் தொடங்கிப் புகழ்பெற்றோர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்களைச் சற்று நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அமெரிக்காவின் கிராண்ட்மா மோசஸ் (1860–1961) எழுபதுகளில், மூட்டுவலியால் பூவேலைத் துணி பின்ன முடியாமல் போனதால் வண்ணத்துக்கு மாறினார். உள்ளூர்ச் சந்தையில் அவருடைய ஜாமுக்குப் பரிசு கிடைத்தது; படங்களுக்குக் கிடைக்கவில்லை. 1938இல் ஹூசிக் ஃபால்ஸ் என்ற ஊரின் மருந்துக்கடைச் சன்னலில் சில டாலர் விலையில் வைத்திருந்த படங்களை லூயிஸ் கால்டோர் என்ற பொறியாளர் வாங்கி நியூயார்க்கில் காட்டியபின்தான் 1940இல் தனிக் கண்காட்சி வந்தது. மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தைச் சேர்ந்த ஜோதையா பாய் பைகா, கூலிவேலை செய்து வாழ்ந்தவர், கணவர் இறந்தபின் எழுபதை ஒட்டிய வயதில் தூரிகை எடுத்தார். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் ஊரில் கலைக்கூடம் நடத்திய ஆஷிஷ் சுவாமி என்ற ஆசிரியர் வண்ணமும் தாளும் தந்து, படங்களை வெளியே கொண்டுபோனார். இரண்டு கதையிலும் திறமையையும் வெளிச்சந்தையையும் இணைத்த மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். வயதைத் தாண்டிய மன உறுதி என்று மட்டும் இவற்றைச் சொல்வது பாதிக் கதை. சிறு நகரத்தில் அந்த மூன்றாவது ஆளாக ஒரு கல்யாண மண்டப மேலாளரோ, மேடை அலங்காரக்காரரோ, ஜவுளிக்கடைக்காரரோ, வெளியூரில் வேலை பார்க்கும் மகளோதான் அமைய முடியும். அவருக்குரிய பங்கைத் தயங்காமல் விலையில் சேர்ப்பது அவசியம்.

இந்தத் தொழில்கள் அதிகம் தடுமாறும் இடம் விலைதான். 30 மணி நேரம் பிடிக்கும் ஓர் ஆரி ரவிக்கைக்கு 1,800 ரூபாய் வாங்கி, அதில் மணி, ஜரிகை, துணிக்கு 600 ரூபாய் போனதாக வைத்துக்கொண்டால் மிச்சம் 1,200. மணிக்கு 40 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் நாட்கூலி 2025–26இல் 336 ரூபாய். எட்டு மணி நேரமாகக் கணக்கிட்டால் மணிக்கு 42. கொக்கி ஊசியில் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை கண்மாய் வெட்டும் வேலையைவிடக் குறைந்த கூலிக்குப் போகிறது. ‘சும்மா இருக்கிற நேரத்தில்தானே செய்றீங்க’ என்று உறவினர் சொல்வதும், அதைச் செய்பவரே நம்பிவிடுவதும் இதன் காரணம். ஓய்வூதியம் உள்ளவர் பொழுதுபோக்காக மலிவாக விற்கும்போது, அதே வேலையை நம்பி வாழும் இளம்பெண்ணின் கூலியும் சேர்ந்து இறங்குகிறது. இதை யாரும் பேசுவதில்லை. நேரத்தை நோட்டில் குறித்து, பொருள், கூலி, போக்குவரத்து, பெட்டி நான்கையும் தனித்தனியே எழுதி விலை சொல்வதும், ஆர்டர் எடுக்கும்போதே பாதி அட்வான்ஸ் வாங்குவதும், சொந்தக்காரர்களுக்கு இவ்வளவுதான் தள்ளுபடி என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வதும் கூச்சமான காரியங்கள், வேறு வழியில்லை. தஞ்சாவூர் ஓவியத்தில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2025இல் தங்கம் 10 கிராம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபின் தகட்டு விலையும் ஏறியது. மூன்று மாதம் முன்பு சொன்ன விலைக்குப் படம் தர முடியாது. பித்தளைச் சாயல் தகட்டை ஒட்டினால் அதைச் சொல்லி விற்க வேண்டும். சில ஆண்டுகளில் அது கறுத்துவிடும், அறிமுகமானவர்களையே நம்பிய தொழிலில் அந்தக் கறுப்பு ஊர் முழுக்கத் தெரியும்.

கற்றுக்கொள்ளும் வசதி இரண்டு ஊரிலும் ஓரளவு உண்டு. தையல் கூடங்களை ஒட்டி ஆரி வகுப்புகள் நடக்கின்றன, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் வீட்டில் சொல்லித் தருகிறார்கள், மீதிக்கு யூடியூப். துணிக்கும் குறைவில்லை. மருத்துவக் கட்டுத் துணி நெய்யும் சத்திரப்பட்டி, நைட்டி தைக்கும் தளவாய்புரம், கைத்தறிச் சேலைக்குப் பெயர்பெற்ற சுந்தரபாண்டியம் மூன்றும் அருகில் உள்ளன. வெட்டுத்துணியை எடை போட்டு வாங்கித் துணிப்பொம்மை, ஒட்டுத்தையல் பைகள் செய்ய விரும்புவோருக்கு மூலப்பொருள் கைக்கெட்டும் தூரம்.

முதலுக்கு முதலில் நினைவுக்கு வருவது நகைக்கடன். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் அது எளிது. கந்துவட்டிக்கு எக்காலத்திலும் போகக் கூடாது. அரசுத் திட்டங்களில் வயது பற்றிய விதிகளைப் படித்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான மாநிலத் திட்டங்களில் மேல்வயது வரம்பு இருக்கிறது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 18 வயது நிறைந்தால் போதும், மேல்வரம்பு இல்லை. தமிழக அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் வழக்கத்துக்கு மாறாகக் குறைந்தபட்ச வயதையே 35 என்று வைத்தது. குலத்தொழில் என்ற நிபந்தனை அதில் இல்லை. 25 வகைக் கைத்தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. விருதுநகரில் உள்ள மாவட்டத் தொழில் மையம் இவற்றுக்கான இடம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் கிடைக்கும். இத்தனையும் இருந்தாலும், மேலே சொன்ன தொழில்களில் பலவற்றுக்கு முதலாண்டில் கடனே தேவைப்படுவதில்லை. ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடையில் கடை வாடகைக்கு எடுத்து, கண்ணாடி அலமாரி போட்டுத் தொடங்குவது இந்த வயதில் செய்யக் கூடிய பெரிய பிழை. வீட்டுத் திண்ணையும் முன்னறையும் வாடகை கேட்பதில்லை.

பதிவுகளும் வரியும் சிறிய தொழிலுக்கு அஞ்சும்படி இல்லை. 2020 ஜூலை முதல் உத்யம் பதிவு ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் கட்டணமின்றி நடக்கிறது. பணம் கேட்பவர் இடைத்தரகர். பொருள் விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. வகுப்பு எடுப்பது போன்ற சேவைக்கு வரம்பு 20 லட்சம். 2023 அக்டோபர் முதல் பதிவில்லாதவரும் மாநிலத்துக்குள் இணையச் சந்தைகள் வழியே விற்க வழி செய்யப்பட்டது. பட்டியலிட்ட கைவினைப் பொருட்களை வெளிமாநிலத்துக்கு அனுப்பவும் ஒரு வரம்புவரை விலக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் கையால் வரைந்த ஓவியங்களுக்கும் பல கைவினைப் பொருட்களுக்கும் வரி 12இலிருந்து 5 சதவீதமானது. மத்திய அரசின் கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்கலாம். 1973இல் தொடங்கிய தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம், அதாவது பூம்புகார், அணுகத்தக்க வாங்குமிடம். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்கு மதி விற்பனை நிலையங்கள் உண்டு.

விற்பனை பெரும்பாலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் நடக்கிறது. படம் எடுத்துப் போடுவதையும் ஜிபேயில் பணம் வந்ததைச் சரிபார்ப்பதையும் பேரப்பிள்ளையிடம் விட்டுவிடாமல் தாமே பழகிக்கொள்வது நல்லது. பணம் அனுப்பியதாகப் போலிப் படம் காட்டி ஏமாற்றுவோர் வயதானவர்களையே குறிவைக்கிறார்கள். நேரில் காட்ட ஊரில் இடமில்லாமல் இல்லை. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875 முதல் பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, நவராத்திரிக்கு முந்தைய வாரத்தில், இப்படி ஊர் அறிந்த பொது இடம் ஒன்றில் நாலைந்து பேர் சேர்ந்து மேஜை போட்டால், தனியே ஒருவர் வாடகைக் கடையில் ஆண்டு முழுதும் உட்கார்ந்திருப்பதைவிட அதிகம் விற்க வாய்ப்புண்டு. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு எடுக்கும் வகுப்பும் வருமானம்தான். அந்தக் குழந்தைகளின் தாய்மார் பிறகு வாடிக்கையாளர்களாக வருவார்கள்.

தொடங்கியவருக்குப் பிறகு தொழில் என்னாகும் என்பதும் இந்த வயதில் எழும் கேள்வி. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஓவியத்தின் உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். மூலப்படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை, அச்சிடும் உரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். சம்பளத்துக்கோ, கூலி பேசி ஆர்டரின் பேரிலோ வரைந்த சில வகைப் படைப்புகளில் நிலை மாறும் என்பதால், அச்சகத்துக்கோ கடைக்கோ தரும்போது எந்தப் பயனுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது முறை. படம் கை மாறுமுன் நல்ல தரத்தில் ஸ்கேன் எடுத்து, தேதியோடு சேமித்துவைத்தால் வாரிசுகள் பின்னால் உரிமை கோர ஆதாரம் இருக்கும். உத்யம் பதிவு ஒருவர் பெயரிலேயே இருப்பதால் மகளோ மருமகளோ தொடர நினைத்தால் அவர் தம் பெயரில் புதிதாகப் பதிய வேண்டும். அச்சு வார்ப்புகள், கோலமாதிரி நோட்டு, வாடிக்கையாளர் தொலைபேசி எண்கள், யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு ஆகிய நான்கும் ஒரே அலமாரியில் இருப்பதை வீட்டில் இன்னொருவராவது அறிந்திருக்க வேண்டும்.